மாட்டுக்காகத்தான் அடிச்சேன்

பேப்பரை மடிச்சு வைக்காதீங்க சார். மாடிப்படியில உருண்டு விழுந்தேன்னு என் தம்பி உங்ககிட்ட சொன்னானே, அது பொய். அடிச்சது நான். எங்க வீட்டுக்கு ஏறுற படி மொத்தமே எட்டு. அதுல விழுந்து எவனுக்காவது மண்டையில பதினோரு தையல் விழுமா, வலது கை எலும்பு மூணு இடத்துல உடையுமா, நீங்களே சொல்லுங்க. அவன் சொன்னதை எழுதிக்கிட்டு நீங்க ஸ்டேஷனுக்குப் போயிட்டா, நாங்க ரெண்டு பேரும் உருப்பட மாட்டோம். உக்காருங்க. இந்த ஆஸ்பத்திரி பெஞ்சு அந்தப் பக்கம் ஆடும், செவுத்தோரமா உக்காருங்க.

எதுக்கு அடிச்சேனா? சொன்னா சிரிக்கக் கூடாது. ஒரு மாட்டுக்காக.

இல்ல, நெஜ மாடு இல்ல. டிவியில ஆடுற கேம் இருக்குல்ல, அதுல நான் வளத்த மாடு. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க.

நான் ஒன்னும் மாடு வளக்குற ஆளு இல்ல சார். பன்னெண்டு வருஷமா நானும் அவனும் துப்பாக்கி கேம் தவிர வேற எதையும் தொட்டதில்ல. ரெண்டு பேருக்கும் பிரஸ்ல பேப்பர் வெட்டுற வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா கை காலு கூடக் கழுவாம உக்காந்துடுவோம். அவன் முன்னாடி ஓடுவான். நான் பின்னாடி நின்னு, ஒளிஞ்சிருக்கிறவன் ஒவ்வொருத்தனையும் நெத்தியிலயே போடுவேன். செவுரெல்லாம் ரத்தமா தெறிக்கும், நாங்க சிரிச்சுக்கிட்டே அடுத்த ரூமுக்குப் போவோம். எத்தனை ஆயிரம் பேரைக் கொன்னிருப்போமோ தெரியாது. ஆனா ஒன்னு, அத்தனை வருஷத்துல அவன் மேல நான் கை ஓங்கினது கிடையாது. பக்கத்து வீட்டுல வேணா கேட்டுப் பாருங்க.

அப்புறம்தான் இந்தக் கை. பாருங்க, சுட்டுவிரலும் நடுவிரலும் அடியோட போச்சு. ஆமா, மெஷின்லதான். எட்டு மாசம் ஆச்சு. கேம்ல சுடணும்னா அந்த விரல்தான் வேணும் சார். கட்டைவிரலை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? போன முதல் நிமிஷத்துலயே என்னைக் கொன்னுடுவாங்க. தம்பி நாலு நாள் பாத்தான், டீம்லேர்ந்து என்னைக் கழட்டி விட்டுட்டான்.

இங்க கட்டு மாத்த வந்தப்ப நர்ஸம்மா ஒருத்தங்க சொன்னாங்க, அவங்க பொண்ணு ஆடுற கேம் ஒன்னு இருக்காம், நிலத்தை உழுது தண்ணி ஊத்துறது, கட்டைவிரலே போதுமாம். எனக்கு எரிச்சலா வந்துச்சு. வேற வழியில்லாம போட்டேன். முத நாளு பூரா, வேலிக்குப் பின்னாடிலேர்ந்து எவன் சுடப் போறான்னே பாத்துக்கிட்டு இருந்தேன், பழக்கதோஷம். யாரும் வரல. மழை பேஞ்சுது, கிழங்கு முளைச்சுது. ஒரு கன்னுக்குட்டி வாங்கினேன், மகாராணின்னு பேரு வச்சேன். தினம் தடவிக் குடுக்கணும், இல்லாட்டி மூஞ்சியைத் திருப்பிக்கும். தடவினா, கையில பிடிச்சு ஆடுற கன்ட்ரோலர் லேசா நடுங்கும், மூச்சு விடுற மாதிரி. விரல் போன இடம் மரத்துத்தான் கிடக்கும் சார், எது பட்டாலும் தெரியாது. அந்த நடுக்கம் மட்டும் தெரியும். ஆமா, சந்தோஷமாத்தான் இருந்தேன். விரலோட இருந்தப்பகூட அப்படி இருந்ததில்ல.

அவனுக்குப் பொறுக்கல. என்ன பால்காரரே, கறந்தாச்சாம்பான். சும்மா பக்கத்துலயாவது உக்காருண்ணே, தனியா சுட்டு போரடிக்குதும்பான். நான் போகல.

இன்னிக்கு லீவு. காலையில துணி காயப் போட்டுட்டு உள்ள வரேன், கூப்புடுறான், அண்ணே ஓடியா, உன் கேம்லயும் ரத்தம் வருதுன்னு. அதுல மரம் வெட்டக் கோடாலி ஒன்னு குடுத்திருப்பாங்க. அது மாட்டு மேலயும் விழும்னு எனக்கே தெரியாது சார். பதினாலு கோழியும் துண்டு துண்டா கிடக்கு. மகாராணிக்கு முன்னங்காலு ரெண்டும் இல்ல, எந்திரிக்கப் பாக்குது, விழுது, மறுபடி எந்திரிக்கப் பாக்குது. கன்ட்ரோலரை என் கையில திணிச்சு, நீயே முடிச்சு வுடுண்ணேன்னு சொல்லிச் சிரிக்கிறான். கையில நடுங்குது சார் அது.

வீட்டுல இரும்பு ஸ்டூல் ஒன்னு கிடக்கு. அதைத் தூக்கினேன். முதல் அடி தோள்ல. அடுத்தது தலையில, குப்புற விழுந்துட்டான். விழுந்தவன் கையை வயித்துக்கு அடியில வச்சுக்கிட்டான். முதுகுல முழங்காலை ஊனி, அந்தக் கையை வெளிய இழுத்து, மணிக்கட்டை மிதிச்சுக்கிட்டு, ஸ்டூல் காலை மேல இறக்கினேன். மூணு தடவை. எலும்பு சத்தம் நல்லாவே கேட்டுச்சு, ஆனா நான் நிறுத்தல.

கோவத்துல கண்ணு தெரியலையான்னா கேக்குறீங்க? நல்லா தெரிஞ்சுது சார். வலது கையைத்தான் தேடி எடுத்தேன்.

ஏன்னா... பேப்பர் வெட்டுற மெஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும். ஒரே ஆளு ரெண்டு கையாலயும் அழுத்தினாத்தான் கத்தி இறங்கும், கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. சீக்கிரம் முடிக்கணும்னு நாங்க ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிடுவோம். நான் பேப்பரைத் தட்டி நேர் பண்ணுவேன், அவன் வலது கையால இன்னொரு பட்டனை அழுத்துவான். அன்னிக்கு எவனோ கேம்ல சுடுறதைப் போன்ல பாத்துக்கிட்டே அழுத்திட்டான்.

முதலாளிகிட்ட நானேதான் அழுத்திட்டேன்னு சொன்னேன். அவன் வேலை போயிடும்ல. எட்டு மாசமா எனக்குச் சட்டைப் பட்டன் போட்டு விடுறான், தலை துவட்டி விடுறான். என்னாலதாண்ணேன்னு ஒரு வார்த்தை அவன் வாயிலேர்ந்து வரல. நானும் கேக்கல. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டு மாட்டைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இப்ப எனக்காக அவன் பொய் சொல்றான். வேணாம் சார். அது எங்க போய் முடியும்னு நான் பாத்துட்டேன். வேணும்னே அடிச்சேன்னு எழுதுங்க. மெஷின்ல நடந்ததையுமா? அதையும் எழுதுங்க, ரெண்டும் ஒரே பேப்பர்ல இருக்கட்டும். எழுதி முடிச்சதும் என்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்க, உள்ள போய் அவனுக்குப் படிச்சுக் காட்டிட்டு வந்துடுறேன். அப்புறம் எங்க வேணா கூட்டிட்டுப் போங்க.