நசரத்பேட்டை ரேணுகா வீட்டிலிருந்து பேசியது குறித்து கவிப்பிரியா கூறியது

என் பெயர் கவிப்பிரியா. வயது முப்பத்தொன்று. கணவர் பெயர் அருள். ஆவடியை அடுத்த வெள்ளானூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்து வருகிறேன். அரங்கிலும் இணையத்திலும் ஒருசேரக் கூட்டங்களை நடத்தித் தரும் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அரங்குக்கு வர முடியாமல் வீட்டிலிருந்தே பேசுகிறவர்களைத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் தொழிலாளர் பாதுகாப்பு பற்றிய கூட்டம் நடந்தது. தொழிற்சாலை ஆய்வாளர்களும் வந்திருந்தனர். அதில் நசரத்பேட்டையைச் சேர்ந்த ரேணுகா பேசுவதாக இருந்தது. அவர் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் சிக்கி வலது கை விரல்களை இழந்தவர். மெஷினின் பாதுகாப்புக் கதவைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள் என்பது அவர் தரப்பு. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது நிர்வாகத்தின் தரப்பு. கையில் மறுபடியும் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் வெளியே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டிலிருந்தே பேச ஏற்பாடாயிற்று.

அதற்கு முந்தைய வாரம் வீடியோ காலில் அவரைப் பழக்கினேன். எங்கள் நிறுவனம் அனுப்பிய லேப்டாப்பை அரிசி டிரம்மின் மேல் வைத்து, கேமரா கண்ணுக்கு நேராக வரும்படி செய்யச் சொன்னேன். முகத்தில் வெளிச்சம் விழ ஜன்னலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். கரண்ட் போனால் போன் நெட்டுக்கு மாறுவது எப்படி என்று காட்டினேன். பேசும்போது திரையை அல்ல, கேமராவைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு அவர், "ஆளுங்க மூஞ்சி கீழ கீது, நான் மேல இந்தப் புள்ளியப் பாத்துகினு பேசணுமா? இன்னா மேடம் இது" என்று சிரித்தார். கட்டுப் போட்ட கை தெரிவது சங்கடமாக இருந்தால் கீழே வைத்துக்கொள்ளலாம் என்றேன். "தெரியட்டும் மேடம். அதுக்குத்தான பேசுறேன்" என்றார். அதன் பிறகு இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகிக்கொண்டார்.

கூட்டத்தன்று நான் அரங்கின் கட்டுப்பாட்டு மேசையில் இருந்தேன். ரேணுகா பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் அவர் வீட்டில் மின்சாரம் நின்று படம் போய்விட்டது. நான் போன் செய்வதற்குள் அவராகவே போன் நெட்டுக்கு மாறித் திரும்ப வந்தார். விட்ட வாக்கியத்திலிருந்தே தொடர்ந்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்கு இரண்டு ஆண்கள் வந்தது திரையில் தெரிந்தது. ஒருவர் வாசலிலேயே நின்றார். மற்றவர் அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் எத்திராஜ் என்று பின்னர் அறிந்தேன். அவர், "அத்தினி தபா சொன்னேன், கேக்க மாட்ட? உன் தம்பி நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா?" என்றபடி லேப்டாப்பை மூடப் போனார். ரேணுகா கட்டுப் போட்ட கையை இடையில் வைத்தார். லேப்டாப்பின் மூடி அந்தக் கையின் மேலேயே அழுந்தியது. அவர் கத்தவில்லை, கையையும் எடுக்கவில்லை.

அப்போது எங்கள் மேலாளர் ராகவன் ஹெட்போனில் என்னிடம், "கட் பண்ணிடு, நமக்கு எதுக்கு வம்பு" என்றார். நான் துண்டிக்கவில்லை. காரணம் கேட்கப்பட்டதால் சொல்கிறேன்: அந்தக் கை அங்கே இருக்கும்போது எனக்கு மனம் வரவில்லை. அரங்கில் ஒலியைக் கூட்டினேன். உடன் வேலை செய்யும் பவ்யாவைக் காவல் துறைக்கு போன் செய்யச் சொன்னேன்.

அதன் பிறகு ரேணுகா இடது கையால் மூடியை உயர்த்தி, லேப்டாப்பை எத்திராஜ் பக்கம் திருப்பி, "சார், இதுல அம்பத்தூர் ஹால் தெரியுது பாருங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டருங்க முன்னாடி உக்காந்துகீறாங்க. நான் கவனம் இல்லாம வேலை செஞ்சேன்னு சொன்னீங்கள்ல, அத இவங்களாண்ட சொல்லுங்க. சேர் போடறேன்" என்று நாற்காலியையும் இழுத்துப் போட்டார். ஆய்வாளர் ஒருவர் மைக்கை வாங்கி, "உங்க பேர் என்ன?" என்று கேட்டார். எத்திராஜ் முழங்கையால் முகத்தை மறைத்தபடி வெளியேறினார். வாசலில் நின்றவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

ரேணுகா திரும்ப உட்கார்ந்தபோது கையில் போட்டிருந்த கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது. முதலில் மருத்துவமனைக்குப் போகும்படி மேடையிலிருந்து சொன்னார்கள். "முடிச்சிட்டுப் போறேன் சார்" என்றார். பிறகு நான் சொல்லிக்கொடுத்தபடியே கேமராவைப் பார்த்து, கதவைக் கழற்றச் சொன்னது யார், திரும்ப மாட்டக் கேட்டபோது என்ன பதில் வந்தது என்பதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னார். கடைசியாக, "என் கை போனது போச்சு. அதே மெஷின்ல இப்ப நிஷான்னு ஒரு பொண்ணு நிக்குது. நாளைக்குக் காலைல அதுக்கு ஷிஃப்ட்டு. அதுக்குள்ள இன்னா செய்யணுமோ செய்ங்க" என்றார். அரங்கில் யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அதன் பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள்.

பேசி முடித்ததும் ரேணுகா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மேடம், சத்தம் நல்லா வந்துச்சா?" வந்தது என்றேன்.

மறுநாள் காலை ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்குச் சென்று அந்த மெஷினை நிறுத்தியதாகவும், ஷிஃப்ட்டுக்கு வந்த நிஷா வேறு வேலைக்கு மாற்றப்பட்டதாகவும் அறிந்தேன். கூட்டத்தின் முழுப் பதிவையும் பென் டிரைவில் ஒப்படைத்துள்ளேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிறர் சொல்லி அறிந்ததையும் அப்படி அப்படியே சொல்லியிருக்கிறேன். இவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கவிப்பிரியா

கேட்டு எழுதியவர்: சாவித்திரி, காவல் உதவி ஆய்வாளர்