ஏழு மணி அலாரம்

— நாலு மணிக்கு ஸ்டீராய்டு மாத்திரை, சரி. எட்டு மணிக்கு மூக்கு ஸ்ப்ரே, சரி. நடுவுல ஏழு மணிக்கு ‘வேணியக் கட்டிப்பிடிக்கணும்’னு போட்டிருக்கே, இது என்னதாக்கும் அத்தான்?

— எம் போன எதுக்கு எடுத்தே?

— அலாரம் கிடந்து அலறிச்சு. நீங்க இன்னைக்கு சீக்கிரமே வந்து குளிச்சிட்டிருந்தீங்க. சொல்லுங்க.

— மறந்திருவேன், கேட்டியா. அதான்.

— பொண்டாட்டியக் கட்டிப்பிடிக்க மறந்திருமாக்கும்?

— மறதி இல்லே வேணி. தோணாது. பசி எடுக்கல்லேன்னா சாப்பிடத் தோணாதில்லே, அது மாதிரி.

— நாலு மாசமா கழக்கூட்டம் டிராஃபிக்கத் தாண்டி வந்து, ஷூவக்கூடக் கழத்தாம கட்டிப்பிடிக்கிறீங்க. ஆளு பழையபடி ஆயாச்சுன்னு அம்மைகிட்ட போன்ல சொன்னேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூத்தியொண்ணு தேங்காயும் உடைச்சேன்.

— டாக்டர் சொன்னப்ப நீயும் கூடத்தானே இருந்தே. மூளைக்கு அடியில பட்டாணி அளவு சுரப்பி. மூக்கு வழியா செஞ்ச ஆபரேஷன்ல கட்டியோட சேந்து அதும் போயிட்டு. மத்த ஹார்மோனுக்கெல்லாம் மாத்திரை உண்டு. ஆக்ஸிடோசினுக்கு இல்லே.

— அது பிரசவத்துக்குப் போடுற ஊசியில்லியான்னு நான் கேட்டேன்.

— மனுசனுக்கு மனுசன் ஒட்டுறதுக்கும் அது வேணும்னாரு. எல்லாருக்கும் இப்படி ஆகாது, உங்களுக்கு ஆயிருக்கலாம்னாரு.

— அப்ப என்னப் பாத்தா உங்களுக்கு என்ன தோணும்?

— உள்ளதச் சொல்லவா?

— சொல்லுங்க.

— லிஃப்ட்ல கூட வர்ற ஆளு மாதிரி. நல்ல ஆளு. சங்கடப்படுத்தக் கூடாத ஆளு.

— ம்.

— அழாதே. நீ அழுதா எனக்கு எரிச்சல்தான் வருது. நேத்து தட்டத் தூக்கி எறிஞ்சது அப்படித்தான். கோவம் வந்தா பிடிச்சு நிறுத்த உள்ள ஒண்ணும் இல்லே, கேட்டியா. அதான் வினீத்த வரச் சொல்லியிருக்கேன்.

— எந்தம்பியையா? எதுக்கு?

— உன்ன நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகத்தான். களியக்காவிளை தாண்டிட்டானாம். நமக்குப் பிள்ளை குட்டி இல்லே. உனக்கு முப்பத்தொண்ணுதான் ஆகுது. இப்பமே தப்பிச்சுக்கோ.

— நான் போகல்லேன்னா?

— அடுத்த தட்டு உம்மேல படும்.

— படட்டு.

— சொன்னாக் கேளு வேணி. நான் எதுக்காக அலாரம் வச்சேன் தெரியுமா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. கல்யாணமாகி மூணு வருசம், பெல் அடிச்சதும் ஓடி வந்து கதவத் திறப்பே. சனிக்கிழமை சங்குமுகத்துல என் தோள்ல சாஞ்சு கடலப் பாப்பே. ஞாபகம் இருக்கு, உள்ள ஒண்ணும் அசையல்ல, அவ்வளவுதான். என்ன அப்படி நேசிச்ச அந்த வேணிக்காக நாலு மாசம் நடிச்சேன். இனி முடியல்ல.

— அப்படி ஒரு வேணி இல்லே அத்தான்.

— மனசிலாகல்ல.

— மாமன் மகன்னு சொல்லி கழுத்த நீட்ட வச்சாங்க. அந்த மூணு வருசமும் நாந்தான் நடிச்சேன். உங்க ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்னைக்கு, விவாகரத்து கேட்டு வக்கீல் நோட்டீசு என் ஹேண்ட்பேக்ல இருந்தது. சாகக் கிடக்குறவன்கிட்ட எப்படிக் குடுக்கன்னு நினைச்சேன். மூக்குல ரத்தம் துடைச்சு, கஞ்சி ஊட்டி, குளிப்பாட்டி, ராத்திரியெல்லாம் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்து... அப்பதான் அத்தான் எனக்கு உங்க மேல ஆசையே வந்துது.