ரத்தம் நிற்காத தைப்பூசக் காலை

காலை ஒன்பது நாற்பது. மலைக்கோயில் வாசலிலிருந்து ஓடுகிறோம். ஈப்போவே கோயிலுக்குள் போகிறது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியே. என் தங்கை மாலினியின் வாயில் மஞ்சள் துண்டு. இப்போது அதில் மஞ்சள் இல்லை.

"தள்ளுங்க! வழி விடுங்கலா! தள்ளுங்க!"

யாரும் தள்ளவில்லை. உறுமி அடிக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் ஒலிபெருக்கி அலறுகிறது. மாலினி நாலு அடி நடக்கிறாள். நிற்கிறாள். துப்புகிறாள். கட்டி கட்டியாக ரத்தம். அரைமணி நேரமாக இதுதான். ஓர் அம்மாள் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். நன்றாக இருக்கட்டும் அவள் சேலை.

பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல். அப்பாவின் அண்ணன். எங்கள் காவடிக் குழுவுக்குத் தலைவர். அப்பா போனபிறகு எங்கள் வீட்டுக்கும் அவரே தலைவர்.

"பாதியில போகாதீங்கலா! இன்னுங் கொஞ்சம் திருநீறு வச்சா நின்னுரும்!"

மூன்று தடவை வைத்தாகிவிட்டது. அது நிற்கவில்லை என்று எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். துளை விழுந்த நாக்கில் எலுமிச்சம்பழம். அவள் துடித்தாள். அருள் வந்துவிட்டது என்று வேல் வேல் போட்டார்கள். இந்த அறிவாளிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நாக்கில் குத்திய சின்ன வேல் அலகை எடுக்கும்போது ரத்தம் வரக்கூடாது. இது அவர்கள் சட்டம். வந்தால் விரதத்தில் குற்றம். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சோறு தின்று வெறுந்தரையில் படுத்தவள் அவள். அவளைச் சுற்றி நின்று விசாரணை வைத்தார்கள். கவிச்சி தின்றாயா? பொய் சொன்னாயா? கடைசியில் ஒரு தொப்பைக்காரன், அலகு குத்துகிற ஆள், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"தீட்டோட வந்தியா?"

வாய் நிறைய ரத்தத்தோடு அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் நம்பவில்லை. பெரியப்பாவும் நம்பவில்லை. அப்போதுதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முருகன்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் யாருடைய நாக்கையும் கேட்கவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்து. ரோட்டோரம் ஒரு வேன். பந்தலுக்கு ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார் ஒரு சாப்பாட்டுக்கடை பாய். எங்களைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தார்.

"ஏறுங்கக்கா! செப்பாட், சீக்கிரம்! தலைய முன்னால சாய்ச்சுப் புடிங்க, முழுங்க விடாதீங்க!"

அன்று காலை அத்தனை பேரில் மூளையோடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

வேனில் மாலினி என் மடியில் சாய்ந்திருக்கிறாள். உதடு வெளுத்துவிட்டது. கை சில்லென்று இருக்கிறது. நாக்கு வீங்குகிறது. மூச்சு கரகரக்கிறது. எனக்குக் காரணம் தெரியும். இந்த ஊரில் அது தெரிந்த ஒருத்தி நான்தான். இல்லை, இரண்டு பேர். பெரியப்பாவுக்கும் தெரியும்.

எங்கள் ரத்தத்தில் கோளாறு. காயத்தின் வாயில் பசைபோல் ஒட்டவேண்டிய ஏதோ ஒன்று எங்களுக்குக் குறைவு. பெற்றவர்களிடமிருந்து வருவது. எங்களுக்கு அம்மா வழியில் வந்தது. எங்கள் குடும்பத்தில் அதற்கு வேறு பெயர். "எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான்." மாதவிலக்கு பன்னிரண்டு நாள் போகும். அப்படித்தான். ஈறில் ரத்தம் வரும். அப்படித்தான். சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் அம்மா மாலினியைப் பெற்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து நன்றாகத்தான் வந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் ரத்தம் தொடங்கியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் வந்து எட்டிப் பார்த்தார். "புள்ள பெத்தவளுக்கு அப்படித்தான் லா." மறுநாள் மத்தியானம் அம்மா இல்லை. எனக்குப் பதினோரு வயது. பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் ரப்பர் மரத்தடியில் எரித்தார்கள். பேய் அடித்துவிட்டது என்றார்கள். பேய்க்கு வேறு வேலை இல்லை.

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மாவுக்கு முப்பத்து மூன்று வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். பிள்ளை இல்லை. எங்களைத்தான் வளர்த்தாள். அவளையும் யாரும் சோதிக்கவில்லை.

என்னைச் சோதித்தார்கள். நான்கு வருடத்துக்கு முன். கடைவாய்ப் பல் பிடுங்கி மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். வான் வில்லிபிராண்ட் நோய். மருந்து இருக்கிறது, பயப்படாதே என்றார்கள். கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். தங்கை இருக்கிறாளா, உடனே கூட்டிக்கொண்டு வா என்றார் டாக்டர்.

அட்டையைப் பெரியப்பாவிடம் காட்டினேன். முதல் முட்டாள்தனம்.

"வாய மூடிக்க. தங்கச்சிக்கு மாப்ள பாக்கிற நேரம். சீக்கு குடும்பம்னு பேராயிட்டா எவன் கட்டுவான்?"

மூடிக்கொண்டேன். நாற்பது வயதுப் பெண். தொழிற்சாலையில் இருபது பேரை வேலை வாங்குகிறவள். ஒரு கிழவரின் முறைப்புக்கு வாயை மூடிக்கொண்டேன். மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத்தான் செருப்பால் அடிக்கவேண்டும்.

அந்தத் தைப்பூசத்தன்று காலை ஏழு ஐம்பது. ஆற்றங்கரை. மாலினிக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. அதற்கு நேர்த்திக்கடன். பால்குடம் மட்டும்தான் என்று சொல்லியிருந்தாள். பெரியப்பா அங்கே வைத்து முடிவு செய்தார். நாக்கில் சின்ன அலகு, வெள்ளி வேல். மாலினி கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். தொப்பைக்காரன் கையில் வேல். நான் மூன்றடி தூரத்தில். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

குத்திய இடத்தில் ஒரு சொட்டு வரவில்லை. வேலே அடைத்துக்கொண்டது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன். தார் ரோடு சுட்டது. காலில் தண்ணீர் ஊற்றினேன். அட்டை என் கைப்பையில் இருந்தது. அலகை எடுக்காதே, ஆஸ்பத்திரியில் போய் எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை. சொல்ல ஒரு மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. ஒன்பது பத்துக்கு அலகை உருவினார்கள்.

பத்து பன்னிரண்டு. அவசரப் பிரிவு. நர்ஸ் முதலில் என்னவோ குடித்துவிட்டு விழுந்தவள் என்று நினைத்தாள். கூட்டத்தை விலக்கி, தெபி, தெபி என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் ஓர் உதவியாளர். பெரியப்பா வேறு காரில் வந்து சேர்ந்திருந்தார். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளையும்.

அங்கேதான் கத்தினேன்.

"அவளுக்கு ரத்தம் உறையாது! குடும்ப நோய்! எனக்கும் இருக்கு! இதோ அட்டை!"

நான்கு வருடம் லேட். ஆனால் நல்ல சத்தமாகவே கத்தினேன்.

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கையில் ஊசி. மூச்சுக்குக் குழாய் தயார். நாக்கில் மருந்து நனைத்த பஞ்சு. ரத்தம் உறைவதற்கான மருந்து நரம்பு வழியாக ஏறியது. பதினொன்று ஐந்துக்குக் கசிவு குறைந்தது. பதினொன்று முப்பதுக்கு நின்றது. திருநீறு இல்லை. எலுமிச்சம்பழம் இல்லை. ஒரு சின்னக் குப்பி மருந்து.

அட்டையை டாக்டர் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார். மாலினி எடுத்தாள். படித்தாள். தேதியைப் படித்தாள். வாயில் பஞ்சு. பேச முடியாது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

எட்டாம் நாள் நாக்கு கொஞ்சம் ஆறியது. என்னிடம் கேட்டாள்.

"நாலு வருசமா தெரியுமாக்கா?"

"தெரியும்."

அவ்வளவுதான் பேச்சு.

மாப்பிள்ளை? டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். அவன் காது கொடுத்துக் கேட்டான். "மருந்து இருக்குல்ல டாக்டர்? அப்ப என்ன?" என்றான். பெரியப்பா நான்கு வருடம் பூட்டி வைத்த ரகசியத்தின் விலை இந்த ஒரு கேள்விதான். சொன்ன தேதியில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை.

மறக்காமல் இருக்கவேண்டியவர்களுக்காக எண்ணிச் சொல்கிறேன். அம்மா. முப்பத்தைந்து வயது, பன்னிரண்டு நாள் கைக்குழந்தைக்காரி. சின்னம்மாவின் கர்ப்பப்பை. அதிலிருந்து பிறந்திருக்கவேண்டிய, எத்தனை என்று தெரியாத பிள்ளைகள். மாலினியின் நாக்கில் ஆறாமல் வெட்டி எடுத்த ஓர் ஓரம், ஒரு பயறு அளவு. பெரியப்பா எதையும் இழக்கவில்லை. இந்த வருடமும் அவர்தான் குழுத்தலைவர்.

மாலினி இப்போது பாரிட் புந்தாரில் இருக்கிறாள். பிரசவத்துக்கு முன்பே டாக்டர்கள் மருந்தைத் தயாராக வைத்திருந்தார்களாம். நல்லபடியாகப் பெற்றாளாம். சின்னம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெண் குழந்தை என்றாள். பெயர் என்ன என்று கேட்டேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றாள்.