டயருக்குக் காற்று

— ...அதான் சொல்றேனே, வாட்ச் கெட்டுப் போச்சு. குடு இப்படி. நாளைக்கே கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற வாங்கிட்டு வரேன்.

— முழுசாக் கேளுங்க முதல்ல. பாதியிலேயே தீர்ப்பு சொன்னா எப்படி?

— கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்.

— கண்ணை மூடிக்கிட்டா?

— லேசாத் தலைவலி. அதான் படுத்திருக்கேன். நீ சொல்லு.

— கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. காதுல தண்ணி.

— ரெண்டு காதுலயுமா?

— ரெண்டுலயும்தான்.

— தலையைச் சாய்ச்சு நாலு குதி குதி, போயிடும். அதென்ன, போனை ஏன் கட்டில் மேல கவுத்து வெச்சிருக்கே?

— அது கிடக்கட்டும் விடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. கடல்ல பதினெட்டு மீட்டர் ஆழத்துல இருக்கோம். முன்னால எனக்கு முங்கச் சொல்லிக் குடுக்கற மாஸ்டர். பின்னால நானும் என் ஜோடியும், அதான் அந்தக் கணக்கு டீச்சர். அவங்க வாட்சை எட்டிப் பார்க்கறேன், இன்னும் அம்பது நிமிஷம் கீழ இருக்கலாம்னு காட்டுது. என்னோடதைப் பார்க்கறேன்... அதுல பாதிகூட இல்லை.

— ஓ...

— என்ன ஓ? ஒரே படகு, ஒரே கயிறு, ஒண்ணாத்தான் இறங்கினோம். அவங்களுக்கு மட்டும் அம்பது, எனக்கு மட்டும் கஞ்சத்தனமா?

— அதைத்தான் நானும் சொல்றேன். கெட்டுப் போச்சு.

— அப்புறம் கத்த ஆரம்பிச்சிடுச்சு. பீப் பீப்னு. எந்தப் பட்டனை அமுக்கறதுன்னு தெரியாம ரெண்டையும் சேர்த்து அமுக்கினேன். லைட் எரிஞ்சுது.

— வெளிச்சமாவது கிடைச்சுதே.

— சிரிக்காதீங்க. அப்படியே மேல ஓடிடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

— பதறி மேல ஓடி வந்துட்டியா? ஏய், இதை மட்டும் நேராச் சொல்லு. வேகமா மேல வந்தியா?

— வரலை. மாஸ்டர் சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன். ரெண்டு வாட்ச்ல எது பயந்தாங்கொள்ளியோ, அது பேச்சைத்தான் கேக்கணும்னு. மேல போலாம்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்து, அஞ்சு மீட்டர்ல நின்னு, போதும் போன்னு வாட்ச் சொன்னப்புறம்தான் தலையை வெளியே நீட்டினேன்.

— அப்பாடா! என் ராசாத்தி. பழகினவங்களே அந்த நேரத்துல தடுமாறுவாங்க.

— டீச்சருக்குத்தான் மூஞ்சி உம்முனு ஆயிடுச்சு. என் ஒருத்தியால அவங்களும் ஆமையைப் பார்க்காம மேல வர வேண்டியதாப் போச்சு.

— ஆமை எங்க போயிடப் போகுது? அந்த ரெட்டைப் பாறைக்கு அடியிலதான் படுத்திருக்கும். நாளைக்குப் போய்ப் பார்த்துக்கட்டும்.

— எந்தப் பாறைக்கு அடியில?

— ஏதோ ஒரு பாறை. ஆமைன்னா பாறைக்கு அடியிலதானே படுக்கும்? மரத்து மேலயா படுக்கும்?

— ம்ம்.

— என்ன ம்ம்?

— ஒண்ணுமில்லை. கரைக்கு வந்ததும் மாஸ்டர் என் வாட்சை வாங்கிப் பார்த்தார்.

— அவருக்கு அந்த மாடல் எல்லாம் தெரியாது...

— பார்த்துட்டு, "வாட்ச் ரொம்ப நல்லா இருக்கு. இன்னிக்கு நீங்க ஏற்கெனவே ஒரு தடவை முங்கிட்டு வந்துட்டீங்கன்னு அது நினைச்சுக்கிட்டிருக்கு"ன்னார்.

— அது எப்படி நினைக்கும்?

— என்னைக் கேக்கறீங்களா? பதினஞ்சு வருஷமா முங்கினவர் நீங்க. ஒரு தடவை கீழ போனா ரத்தத்துல நைட்ரஜன் ஏறும், அது இறங்க மணிக்கணக்காகும், அதுவரைக்கும் அடுத்த தடவைக்கு நேரத்தை வாட்ச் குறைச்சுத்தான் குடுக்கும்னு எனக்கு வகுப்பு எடுத்ததே நீங்கதான்.

— அது சரி... நீ நேத்து முங்கினியோ என்னமோ.

— நேத்து நான் துணி துவைச்சேன்.

— பெட்டியில இருந்தபோது ஈரம் பட்டிருக்கும். ஈரம் பட்டாத் தானா ஆன் ஆயிடும் அது. கை வேர்வைக்கே ஆன் ஆகும்.

— ஆன் ஆகும். ஆழத்துக்குப் போயிட்டு வருமா?

— சரி, சரி. சொல்லிடறேன். காலையில நான்தான் பக்கெட்ல முக்கிப் பார்த்தேன். தண்ணி உள்ள போகுதான்னு. போதுமா?

— பக்கெட்லயா?

— பக்கெட்லதான். அந்த நீலப் பக்கெட்.

— எத்தனை மீட்டர் ஆழம், நம்ம வீட்டு நீலப் பக்கெட்?

— நக்கலா?

— இல்லைங்க, தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். அதுல ஆமை இருக்கா?

— இந்தா, தலைவலிக்குதுன்னு சொல்றேன்...

— ஏன் வலிக்குது? ராத்திரி நல்லாத்தானே படுத்தீங்க. காலையில எழுந்து எங்க போனீங்க?

— எத்தனை தடவை சொல்றது? வண்டி டயருக்குக் காத்து அடிக்கப் போனேன்.

— விடிஞ்சும் விடியாமலுமா?

— அப்போதான் கூட்டம் இருக்காது.

— காத்து அடிச்சது டயருக்கா, சிலிண்டருக்கா?

— ...என்ன பேச்சு இது?

— கேள்விதான். நான் தூங்கும்போது வாட்ச் என் பைக்குள்ள இருந்துச்சு. எழுந்தப்போ பை மேல இருந்துச்சு. பெல்ட் ஈரம். படகுல அவசரத்துல மாட்டினேன், கையில லொட லொடன்னு ஆடுது. ஏன்னு பார்த்தா ரெண்டாவது துளையில இருக்கு. என் கைக்கு அஞ்சாவது துளை. நீங்களே வாங்கிட்டு வந்த அன்னிக்கு, "என்ன கையா இது, முருங்கைக்காயா"ன்னு கேட்டுக்கிட்டே போட்டு விட்டீங்க.

— யாராவது எடுத்துப் பார்த்திருப்பாங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். யாருக்கோ குடுத்திருக்கீங்கன்னு. யாரோ ஒருத்தி, ஆசையாக் கேட்டிருப்பா...

— அடிப்பாவி! ஏய், சத்தியமா அப்படி எல்லாம்...

— பதறாதீங்க. அஞ்சு நிமிஷம்தான் நினைச்சேன். ஒருத்தியா இருந்தா பெல்ட் இப்படித் தளர்ந்திருக்காதே. இது நல்லாத் தின்னு வளர்ந்த ஆம்பளைக் கை.

— உடம்பைச் சொல்லாதே.

— அந்த உடம்பைப் பத்தித்தான் பேச்சே. மூஞ்சியைத் திருப்புங்க இப்படி. இது என்ன கோடு?

— தலையணை அழுந்தியிருக்கும்.

— மூக்கைச் சுத்தி வட்டமாவா தலையணை அழுந்தும்? மாஸ்க் போட்ட தழும்பு எனக்கும் இருக்குங்க. கண்ணாடியில ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கலாமா?

— பத்து மீட்டர்தான் போனேன்.

— என்ன? காதுல விழலை.

— பத்து மீட்டர்னு சொன்னேன்! சும்மா, எட்டிப் பார்த்துட்டு வந்தேன்.

— பத்து மீட்டர் எட்டிப் பார்த்ததுக்கா என் வாட்ச் பாதி நேரத்தைப் பிடுங்கிக்கிச்சு? ரெட்டைப் பாறை எத்தனை மீட்டர்ல இருக்குன்னு மாஸ்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அந்த ஆமையே போன வாரம்தான் அந்தப் பாறைக்கு இடம் மாறிச்சாம். நீங்க தண்ணியை விட்டு ஒரு வருஷம் ஆச்சு.

— வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ.

— எத்தனை மீட்டர்?

— முப்பது.

— முப்பதா?

— முப்பத்திரண்டு. போதுமா? அரை மணி நேரம் இருந்தேன். படகுக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போனேன். கீழ நான் தனியாத்தான். திட்டணும்னா மொத்தமாத் திட்டிடு.

— திட்டலை. ஏன் போனீங்க? நுரையீரல் ஒரு பக்கம் சுருங்கிப் போய், நெஞ்சுல குழாய் போட்டுப் படுத்திருந்தீங்களே, அது மறந்து போச்சா? இனிமே ஜென்மத்துக்கும் கடலுக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டர் சொன்னப்போ பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீங்களே.

— அந்த மொட்டைக்கு என்ன தெரியும்? நீச்சல் குளத்துல காலை நனைச்சிருப்பானா அவன்? எதைக் கேட்டாலும் கூடாது, கூடாது. தும்மலாமான்னு கேட்டாக்கூட கூடாதுன்னுதான் சொல்வான்.

— ஐயோ, அப்படி எல்லாம் பேசாதீங்க. பெரிய மனுஷர்.

— அவனுக்குக் கேக்கவா போகுது?

— ...சரி, சொல்லுங்க. ஏன் போனீங்க?

— உனக்காகத்தான்.

— இது வேறயா!

— நிஜமா. நீ முங்கற பரீட்சை பாஸ் பண்ணினதுக்கப்புறம் இன்னிக்குத்தானே முதல் தடவையா ஆழத்துக்குப் போறே. கடைக்காரன் பெட்டியைப் பிரிச்சுக் குடுத்தான், நானும் சோதிச்சுப் பார்க்காம வாங்கிட்டு வந்துட்டேன். ராத்திரி படுத்தா தூக்கமே வரலை. அது பொய்க் கணக்குக் காட்டினா? பாதியில அணைஞ்சு போனா? உனக்கு ஒண்ணும் தெரியாது, அது சொல்றதைத்தான் வேதவாக்கா நம்புவே. பக்கெட்ல போட்டாத் தெரியாது. ஆழத்துக்குக் கொண்டு போனாத்தான் தெரியும். அதான்... என் பழைய வாட்சை ஒரு கையிலயும் உன்னோடதை இன்னொரு கையிலயும் கட்டிக்கிட்டு இறங்கினேன். ரெண்டும் அச்சு அசலா ஒரே கணக்குக் காட்டுச்சு. நிம்மதியாப் போச்சு.

— உங்க நைட்ரஜனை எல்லாம் என் கணக்குல ஏத்தி வெச்சுட்டு நிம்மதியா வந்துட்டீங்க.

— அது அந்த நேரத்துல தோணவே இல்லையே! பதினஞ்சு வருஷம் முங்கினவனுக்கு அது தோணலை பாரு. வீட்டுக்கு வந்து வாட்சை வெச்சுட்டு, டயர்க் கடை வாசல்ல போய் நிக்கும்போதுதான் பொறி தட்டுச்சு. அதுக்குள்ள நீ படகு ஏறிட்டே.

— டயர்க் கடைக்கும் போனீங்களா?

— போனேனே. பொய் சொல்லக் கூடாதுன்னு.

— ஐயோ ராமா...

— சிரிக்கிறியா, அழறியா?

— ரெண்டும்தான். சோதிக்கத்தான் இறங்கினீங்க, சரி. அதுக்கு அரை மணி நேரமா?

— ...கீழ போனதும் மேல வர மனசு வரலைம்மா. ஒரு வருஷம். அந்த நிசப்தம்... என் மூச்சு மட்டும் கேக்குது. அந்த ஆமை என்னைப் பார்த்துட்டு, போனவன் வந்துட்டானான்னு சும்மா கண்ணை மூடிக்கிச்சு. இதுக்கு மேல கேக்காதே.

— கேக்கலை. இந்தாங்க, இந்த வாட்சைக் கட்டி விடுங்க.

— இப்போ எதுக்கு?

— அஞ்சாவது துளையில போட்டு விடுங்க. ஆசையாக் கேக்கறேன்.

— குடு... இது... பெல்ட் ஈரத்துல ஊறிப் போயிருக்கு.

— காஞ்சு போச்சு அது.

— கொக்கி சின்னதா இருக்கு.

— அன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்க. வலது கையால போடுங்க. ஏன் இடது கையால தடவுறீங்க?

— வலது கை மேல படுத்துட்டேன். மரத்துப் போயிருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்.

— எப்போலேர்ந்து?

— இப்போதான்...

— நான் வந்ததுலேர்ந்து நீங்க மல்லாந்துதான் படுத்திருக்கீங்க. கை மேல எப்போ படுத்தீங்க? எப்போலேர்ந்துங்க?

— ...நீ படகு ஏறினதுலேர்ந்து. முதல்ல தோள்பட்டை குடைஞ்சுது. அப்புறம் விரல் எல்லாம் ஊசி குத்தற மாதிரி. இப்போ ஒண்ணுமே தெரியலை.

— நெஞ்சு?

— வலிக்கலை. மூச்சு நல்லாத்தான் இருக்கு. சத்தியமா. கைதான்.

— முப்பத்திரண்டு மீட்டர். அரை மணி நேரம். அஞ்சு மீட்டர்ல நின்னீங்களா? நான் நின்னேனே, அந்த மாதிரி?

— ...கொஞ்ச நேரம்.

— வாட்ச் போகலாம்னு சொல்ற வரைக்குமா?

— ...அது வரைக்கும் நிக்கலை. நீ எழுந்துக்கறதுக்குள்ள வாட்சை உன் பையில வெக்கணும்னு அவசரம். ரெண்டும் கத்திக்கிட்டேதான் இருந்துச்சு.

— ஐயோ... நைட்ரஜன் இறங்காம ரத்தத்துல குமிழ் குமிழா அடைச்சிருக்கும், அதான் கை மரத்துப் போச்சு.

— அழாதே. ஏய், இங்க பாரு. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். போன தடவை நெஞ்சு வலிச்சப்போ வாயுன்னு சொல்லிச் சமாளிச்சேன்ல...

— சமாளிச்சு நாலு நாள் கழிச்சு நீலம் பாரிச்சுக் கிடந்தீங்க. நான்தானே தூக்கிட்டு ஓடினேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?

— யோசிச்சதாலதானே இறங்கினேன்... உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்னு. ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. அந்த டாக்டர்கிட்ட நீ இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னா ஆஸ்பத்திரியில பிடிச்சுப் போட்டுடுவான். வாழ்நாள் பூரா ஏசிக்கிட்டே இருப்பான்.

— சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

— என் தலையில அடிச்சு?

— உங்க தலையில அடிச்சு. சட்டையைப் போடுங்க. மாஸ்டர் வண்டியோட தெருமுனையில நிக்கறார்.

— எதுக்கு? ஏய், இப்போதானே சத்தியம் பண்ணினே! டாக்டர்கிட்டே சொல்ல மாட்டேன்னு...

— நான் எங்க சொன்னேன்? கரையிலேர்ந்து போன் பண்ணினப்போ அவர்தான் சொன்னார், "நான் கேட்டா அவர் வாயே திறக்க மாட்டார், நீ கேளு, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்"னு. போனை நிமிர்த்துங்க. டாக்டர்... எல்லாம் கேட்டுச்சா?

— நல்லாக் கேட்டுச்சும்மா. கையை அசைக்காமப் பத்திரமாக் கூட்டிட்டு வா. மொட்டை ஆக்சிஜனைத் திறந்து வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறான்னு அவர்கிட்டச் சொல்லு.