மூன்றாம் மாடியின் காற்று

இந்த மின்விசிறியின் இறக்கைகளை யாரையாவது ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழில் புத்தி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் எனக்கு முதலில் தூசிதான் கண்ணில் படும், அப்புறம்தான் ஆள்.

பல் மருத்துவமனையில் நான் பாதுகாப்பு அலுவலர். வாசலில் நிற்கிற காவல் இல்லை. உள்ளே வேலை செய்கிறவர்களின் மூச்சுக்கும் தோலுக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. இதை என் மனைவிக்கே புரியவைக்க முடியவில்லை. "ஊருக்கெல்லாம் காவல் காக்கறீங்க, வீட்டுல குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுக்குத் தெரியல" என்பாள்.

மூன்றாம் மாடியில் கருவிகளைக் கழுவி அடுக்குகிற பெண்ணைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவளுக்கு ரப்பர் கையுறை ஆகாது. கையெல்லாம் தடிப்பு, கண்ணில் நீர், ஓயாத தும்மல். அவளுக்குத் தும்மல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாள் என்று எல்லாரும் சிரித்தபோது, அவளை நம்பியது நான் ஒருவன்தான். கையுறை சுலபமாக நுழைவதற்காக உள்ளே மாவு தடவியிருப்பார்கள். ரப்பர் பாலில் இருக்கிற ஒவ்வாத பொருள் அந்த மாவில் ஒட்டிக்கொண்டு, கழற்றி உதறும்போதெல்லாம் காற்றில் ஏறும். அவளுடைய கையுறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. பக்கத்து மேசைக்காரர் உதறினாலே போதும்.

இதைப் பெரிய டாக்டரின் மண்டையில் ஏற்ற நாயாய் அலைந்தேன். கடைசியில் கட்டடம் முழுக்க ரப்பர் கலக்காத கையுறை வந்தது. குளிர்காற்று வருகிற குழாய்களையெல்லாம் சுத்தம் செய்யவைத்தேன். அவள் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. "அண்ணே, நீங்க இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால், இவன் எதற்கு என்று கேட்பார்கள். கேட்டார்கள். புதுக் கையுறை வழுக்குகிறது, கிழிகிறது என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்குத்தான் குணமாயிடுச்சே, பழசுக்கே போயிடலாம். நீங்க இனிமே கேன்டீனைப் பாத்துக்குங்க" என்றார். அவளுக்குக் குணமாகவில்லை, காற்றுதான் சுத்தமாக இருக்கிறது என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீயாவது வந்து ஒரு வார்த்தை பேசு என்று அவளிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, எனக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு மறந்துவிட்டது. ஞாபகப்படுத்துவது என் கடமை.

பழைய கையுறைப் பெட்டிகள் கிடங்கின் மூலையில் கிடந்தன. பெரிய டாக்டர் மூன்றாம் மாடியைப் பார்வையிட வருகிற நாளில், அவள் மேசைக்கு மேலே இருந்த குளிர்காற்றுத் துவாரத்துக்குள் அந்தக் கையுறைகளை உதறினேன். நன்றாகவே உதறினேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. மூச்சு அடைத்தால் போடுவதற்கென்று சுவர்ப்பெட்டியில் வைத்திருந்த அவசர ஊசியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் கண்ணெதிரே அவள் திணற வேண்டும், அவர் கண்ணெதிரே நான் ஊசி போட வேண்டும். அவ்வளவுதான். கொல்ல நினைக்கிறவன் ஊசியைக் கையோடு கொண்டுபோவானா?

பெரிய டாக்டர் கீழ் மாடியில் யாரோடோ பேச்சில் நின்றுவிட்டார். அவள் தும்மத் தொடங்கினாள். பிறகு தும்மல் நின்று, மூச்சு இழுத்தது. உதடு வீங்கியது. தட்டுத்தடுமாறிப் போய்ச் சுவர்ப்பெட்டியைத் திறந்தாள். காலி. திரும்பியவள் கதவருகே என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது பயம் இல்லை. அண்ணன் வந்துவிட்டார் என்கிற நிம்மதிதான் இருந்தது. பொறு என்று கையைக் காட்டினேன். பெரிய டாக்டர் படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, தரையில் கிடந்தவளை நன்றாகப் பார்க்கும்வரை காத்திருந்து, பிறகுதான் ஊசியைப் போட்டேன். அந்த உடம்புக்கு அதற்குள் எந்த ஊசியும் தேவைப்படவில்லை.

பழைய கையுறை அந்தக் கட்டடத்துக்குள் திரும்ப வரவில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

துவாரத்துக்குள் மாவு இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னதே நான்தான். அதைச் சுத்தம் செய்தாக வேண்டும். அவள் வேலையை அவள் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவளுக்கும் அதே உடம்புவாகு. வந்த அன்றே, "அக்காவைக் காப்பாத்தப் பாத்தவரு நீங்கதானே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நல்ல பெண். ஆனால் பெரிய டாக்டருக்கு மறதி அதிகம். என்னை எப்போது அனுப்புவீர்கள் என்று தெரிந்தால் நல்லது. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் அங்கே ஆள் இல்லை.