‘கை இல்லை’ என்ற பதில்

— மெர்சி, நான் சொல்லுதத நம்பு. தகடு அடிக்கிற பிரஸ்ஸுல மாட்டுன சிப்புக்குள்ள, கையக் கண்டா பிரஸ்ஸ நிறுத்துத என் சென்சார் புரோகிராமே இல்ல. டம்மிதான் கிடக்கு.

— எந்த டம்மி, ஜெபர்சன்?

— சென்சார் வந்து சேருததுக்கு முன்னால, மத்த பகுதிய டெஸ்ட் பண்ணுததுக்கு எழுதுனேம்லா, அது. 'உள்ள கை இருக்கா'ன்னு கேட்டா எப்பவும் 'கை இல்லை'ன்னே சொல்லும். நெசப் புரோகிராம் வந்ததும் அத எடுத்திருக்கணும். எடுக்கல.

— விளையாடாதீங்க. தனித்தனியா டெஸ்ட் பண்ணி, எல்லாத்தையும் சேத்தும் பண்ணேன். அச்சுக்கு அடியில என் சொந்தக் கையை வெச்சேன். பிரஸ் ஓட்டுற அப்பாவண்ணே பெடல மிதிச்சாரு. பிரஸ் எறங்கவே இல்ல. ஷெட்டே நின்னு பாத்துச்சு. ஒரகடம் ரோட்டுலயே மொத கம்ப்யூட்டர் பிரஸ்ஸுன்னு முதலாளி பூசணிக்காயே ஒடச்சாரு.

— அதான் எனக்குப் புரியல. இந்தச் சிப்புக்கு அது எறங்கியிருக்கணும். உன் கை போயிருக்கணும்.

— மாதாவே... அப்பாவண்ணே, டீ கிளாஸ வெச்சுட்டு இங்க வாங்க. நான் கை வெச்சப்ப நீங்க பெடல மிதிச்சீங்கதானே?

— இன்னாத்துக்குமா இப்ப அது?

— சொல்லுங்கண்ணே.

— மிதிக்கல.

— 'மிதிச்சாச்சு'ன்னு சத்தமா சொன்னீங்களே?

— சொன்னேன். மெஷினு நிக்கும்னு எனக்கும் நம்பிக்கதான். ஆனா உன் கை உள்ள கீது, எப்பிடிமா மிதிப்பேன்? பழைய பிரஸ்ல வெரலு போன தணிகாசலம், இப்ப சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல வெத்தல விக்கிறான். அன்னிக்கி பக்கத்துல நின்னவன் நானு. கால பெடலு மேல சும்மா வெச்சுக்கினு சொல்லிட்டேன்.

— ஒவ்வொரு தடவையுமா?

— எல்லா தபாவும்.

— அப்ப சென்சார யாருமே டெஸ்ட் பண்ணல, ஜெபர்சன்.

— கை முழுசா இருக்குல்லா, பதறாத. அண்ணாச்சி இங்கதான நிக்காரு, பிரஸ் ஓடாது. சிப்ப மாத்திருவோம்.

— ஓடாதுன்னு யாரு சொன்னா சார்? டீக்கு வரச்சொல்ல பிரஸ்ல என் ஹெல்பரு பகலவன உக்கார வெச்சுட்டு வந்தேன்.

— அவன் சூதானமான பயதானே?

— நேத்து வரைக்கும். மெர்சிம்மாவே கைய வெச்சுக் காட்டிடுச்சு, இனிமே மிதிக்கச்சொல்ல கைய எடுக்க வேணாம்னு சொல்லிக்கினுதான் உக்காந்தான்.