சேர்க்காமல் விட்ட பகுதி

ஒழுங்கில்லாத எதைக் கண்டாலும் எனக்குக் குமட்டும். குசினியில் கழுவாமல் கிடக்கும் சட்டியும் சரி, ஆளாளுக்கு எதையெதையோ சேர்த்துவிட்ட மென்பொருளும் சரி.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். கிளிநொச்சியில் எங்கள் சிறிய மருத்துவமனையில் நல்ல கணினி ஒன்றுதான் இருந்தது. ஒரு கணினிக்குள்ளேயே பல கணினிகளை இயக்கும் திறந்த மூல மென்பொருளை அதில் நான்தான் போட்டேன். மூலநிரலிலிருந்து அதைக் கட்டும்போது எந்தப் பகுதி சேரவேண்டும், எது வேண்டாம் என்று நாங்களே தெரிவு செய்யலாம். குப்பையாகக் கிடந்த அந்தத் தெரிவுகளை நான் வகை பிரித்தேன்: தானாகச் சேருபவை, கேட்டால் மட்டும் சேருபவை.

இரத்தம் வைக்கும் குளிர்சாதனப்பெட்டியில் சூடு ஏறினால் கணினி மணி அடிக்கும். அதற்கான பகுதியை அந்த மென்பொருளில் எழுதியவள் என்னோடு வேலை செய்த பிரேமினி. பெரிய டொக்டர் எல்லோருக்கும் முன்னால் அவளைப் பாராட்டினார். அந்த நிரலை நான் வாசித்திருக்கிறேன். அருவருப்பான எழுத்து. அதை இரண்டாம் வகைக்குத் தள்ளினேன்.

"தவராசா அண்ணை, அதை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ. மணி அடிக்காட்டி ஒருத்தருக்கும் தெரியவராது," என்றாள்.

சேர்த்திருக்கிறேன் என்றேன். சேர்க்கவில்லை. ஒருநாள் மணி அடிக்காமல் போய் அவள் தலைகுனிந்து நிற்கவேண்டும். வேறெதையும் நான் விரும்பவில்லை.

ஒரு காலை நான் முதலாளாக வந்தபோது பெட்டியின் பிளக் கழன்றிருந்தது. இரத்தப் பைகள் உடம்புச் சூட்டில் இருந்தன. தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெளியே சொன்னால், மணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்கள். பிளக்கைச் செருகினேன். மத்தியானம் பெட்டி பழையபடி குளிர்ந்துவிட்டது.

பின்னேரம் முல்லைத்தீவுக் கரையிலிருந்து சூசையம்மா என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்தும் இரத்தம் நிற்கவில்லை. தாதி அந்தப் பைகளோடு வந்தபோது கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

மறுநாள் சூசையம்மா காய்ச்சலில் நடுநடுங்கிச் செத்துப்போனார். அவருடைய கணவர் அந்தோனிமுத்து என் கையைப் பிடித்து அழுதார். கையெல்லாம் மீன் வாடை. சகிக்க முடியவில்லை.

பழுதான இரத்தம் என்று தெரிந்ததும், பிரேமினியின் நிரல்தான் பிழை என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகுமுன் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்கள் சேர்த்தனீங்கள்தானே, அண்ணை?"

"ஓம்," என்றேன்.

பிள்ளை தப்பிவிட்டது. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் கெட்டவன் என்றால் அதுவும் போயிருக்கும்.